வில்ஃப்ரெட் ஹார்டேக்கரின் உரிமம்

மார்ஸ்பி கடற்கரை பிங்கோ சூதாட்டக் கூடத்தின் மேலாளரும் எண் கூவுகிறவருமான வில்ஃப்ரெட் ஹார்டேக்கர், ஒரு செவ்வாய் மதியம் நாற்பத்து மூன்றைக் கூவிவிட்டு இறந்துபோனார். பிறகு பதினேழைக் கூவினார். உடலை வியாழக்கிழமை அடக்கம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை குரல் வேலைக்கு வந்துவிட்டது. இயந்திரம் எண் எழுதிய பந்தைத் துப்பியதும் மேடைக்குப் பின்னாலிருந்த சுவர் அவர் குரலில், எண்ணின் உருவத்துக்கு வைத்த வழக்கமான பட்டப்பெயரோடு சொன்னது: "ரெண்டு குண்டம்மா, எண்பத்தெட்டு." யாரும் ஓடவில்லை. கூவிய எண்களைக் குறிக்கும் அட்டை பாதி நிரம்பிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் எதற்காகவும் எழுந்திருக்க மாட்டோம்.

அவர் மனைவி பெரில் தினமும் முன்வரிசைக்கு வந்தாள். "நாப்பது வருசமா வீட்ல 'டீ எங்க'ன்னு மட்டும்தான் கேட்டாரு. இப்பதான் பேச்சு வந்திருக்கு," என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னாள். சொன்னவள் அட்டையைக் குறிக்க மறந்துபோனாள். அவள் இருப்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. எண்களைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. அதுவே போதும் என்று அவள் தினமும் வந்தாள்.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. சூதாட்டத்தில் ஆளுக்கு உரிமம் கொடுப்பது தேசிய ஆணையம், கட்டடத்துக்குக் கொடுப்பது நகரசபை. ஆள் இறந்தால் அவர் உரிமமும் முடிந்தது. ஆகவே ஹார்டேக்கர் கூவுவதை நிறுத்த வேண்டும், இல்லையேல் கூடத்தை மூட வேண்டும் என்றது ஆணையம். ஆட்கள் எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று நகரசபை பதில் எழுதியது. இப்படியே எட்டு மாதம் போனது. கடற்கரைக் கழிப்பறைக்குக் கதவு மாட்ட மூன்று வருடம் எடுத்துக்கொண்ட சபை அது. இதை வேகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் நகரசபை உரிம அதிகாரி கிரஹாம் ஒரு தாளோடு பெரிலின் சமையலறைக்கு வந்தார்.

"இதான் வழி, பெரில். வில்ஃப் ஒரு ஆளுன்னா அவங்க நிறுத்திடுவாங்க. கட்டடத்துல ஒரு பாகம்னா நம்ம கையில. வரைபடத்துல குறிச்சு அனுமதி கொடுத்துடலாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"அவரு ஆளே இல்லன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"செத்தப்பவே ஒரு கையெழுத்து வாங்கினீங்களேப்பா."

"அதுல இறந்த ஆளுன்னு இருக்கும். இது வேற படிவம்."

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தாள். 'மேற்படி ஹார்டேக்கர் ஒரு நபர் அல்லர்.'

"இதை எழுதின மகராசனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ரெண்டு தடவை."

"அப்பவும் புத்தி வரல பாரு," என்றாள் பெரில். கல்யாணத்தன்று தேவாலயப் பதிவேட்டில் போட்டது போலவே அழுத்தி, மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினாள். அவள் முடிக்கும்வரை கிரஹாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரைபடத்தில் இப்போது தீயணைப்பானுக்கும் பின்கதவுக்கும் நடுவில் வில்ஃப்ரெட்டின் பெயர் சிவப்பு மையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கிரஹாம் வந்து தீயணைப்பானைப் பார்த்து, கதவைத் தள்ளி, சுவர் கூவும் ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு மூன்றுக்கும் சரி போடுகிறார். பெரில் முன்வரிசையை விட்டு அந்தச் சுவரோரம் மாறிவிட்டாள். கட்டடம்தானே, சாய்ந்துகொள்ளலாம். அவள் முதுகு படும் இடம் ஜனவரியிலும் வெதுவெதுப்பாக இருக்கிறது. நகரசபை அதையும் குறித்துக்கொண்டது.