குறுக்குக் கோட்டில் ஒரு பறவை

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. காலையிலிருந்து நான்கு மீட்டர் அளவுகோலைச் சாயாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாலை போடப்போகும் தரையின் மேடுபள்ளம் பார்க்கிற வேலை. சர்வேயர் லெவல் மெஷினைத் தூக்கி அடுத்த இடத்தில் நாட்டி, கோலைத் திரும்பப் பார்த்து எண்ணைக் குறிக்கும்வரை, கோல் பிடிப்பவள் இம்மியும் நகரக்கூடாது. நகர்ந்தால், அளவு தொடங்கிய வாசல் கல்லிலிருந்து கோத்துக்கொண்டு வந்த அளவெல்லாம் அறுந்துபோகும்.

இப்போது மெஷினைக் குட்டையோரம் நாட்டிக்கொண்டிருந்தார். எதிர்க்கரை மண்மேட்டில், நேற்று அவள் பார்த்த அந்தப் பறவை நின்றது. நாளைக்குக் குட்டையை மூடிவிடுவார்கள்.

நேற்று வீட்டில் அதைப் பற்றிச் சொன்னபோது புருஷன் சிரித்தான். லாரியிலிருந்து விழுந்து, கால் முறிந்து, மூன்று மாதமாகப் படுத்தே கிடப்பவன். தலைமாட்டில் பறவைப் புத்தகம்.

"அது பனி கொட்டுற ஊருப் பறவைடி. இங்க எதுக்கு வருது? ஏதாவது கொக்கப் பாத்திருப்ப."

சிரித்தானே தவிர, அந்தப் பறவை இருக்கும் பக்கத்தைப் பிரித்து வெகுநேரம் நெஞ்சில் வைத்திருந்தான். விழுந்ததிலிருந்து எதன்மேலும் அவனுக்கு அவ்வளவு ஆசை வந்து அவள் பார்க்கவில்லை. படம் இருந்தால் நம்புவான். அவளுடைய போனில் எடுத்தாலோ கடுகளவுதான் விழுந்தது.

சர்வேயர் குழலில் கண்ணை வைத்தவர் கூப்பிட்டார். "ஏம்மா, உன் விருந்தாளி என் மெஷினுக்குள்ள நிக்கிறாரு. கண்ணு செவசெவன்னு இருக்கு, தூக்கமில்லபோல."

தூரத்தில் புல்டோசர் உறுமியது. பறவை கழுத்தை நீட்டியது. அவள் கோலைக் கீழே போட்டாள்.

"எடத்த விடாத. ஏய், விடாதம்மா."

ஓடிவந்து போனைக் குழலின் கண்ணோடு ஒட்டிவைத்து அமுக்கினாள். மூன்று முறை. நான்காவதற்குப் பறவை இல்லை.

அவள் விட்டுவந்த இடத்தைச் சர்வேயர் பார்த்தார். இளகின மண், எங்கே நின்றாள் என்பதற்குத் தடயமே இல்லை.

"ஒரு கல்லாவது வச்சிட்டு வந்திருக்கலாம்ல, தாயே."

"வச்சிருந்தா பறந்திருக்கும்ணே."

"எல்லாத்துக்கும் பதில் வச்சிரு. சரி, காட்டு."

மெஷின் கண்ணாடியில் இருக்கும் குறுக்குக் கோடு பறவையின் நெஞ்சில் சரியாக விழுந்திருந்தது.

படத்தை அனுப்பிய கையோடு போன் அடித்தது. புருஷன்தான். "குறுக்கால என்னடி கோடு?" என்றான்.

"மெஷினோடது."

"சாயந்திரம் வந்ததும் பெரிய தலகாணிய எடுத்து முதுகுக்கு வையி. உக்காந்து பாக்கணும்."

சர்வேயர் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிட்டார். அவள் கோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வாசல் கல்லிலிருந்து குட்டைவரை பதினொரு இடம். பதினொன்றும் அவள் அவருக்கு மறுபடி பிடித்துத் தரவேண்டிய பாக்கி.