மேனேஜரின் வெயில்

சோபா தைப்பவரின் வீட்டில் வெயில் பூனையோடுதான் நடமாடியது. பூனை மேசை மேல் ஏறினால் வெயிலும் ஏறும். பூனை கட்டிலுக்கு அடியில் புகுந்தால் வெயிலும் குனிந்து உள்ளே போகும். தலையணை அளவு இருக்கும், நல்ல மஞ்சள். ஒரு மழைக்கால மதியம் பட்டறை ஜன்னல் வழியாக விழுந்த ஒரே ஒரு வெயில் துண்டில் பூனை படுத்துத் தூங்கியதில் ஆரம்பித்தது இது. சாயங்காலம் ஊருக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது. பூனை எழுந்திருக்கவில்லை, ஆகவே வெயிலும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பூனை சோம்பல் முறித்துச் சமையலறைக்கு நடந்தபோது வெயிலும் கூடவே நடந்தது. சோபா தைப்பவர் பார்த்தார். "அந்த லைட்டை அணைச்சிடு, எதுக்கு ரெண்டு வெளிச்சம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வந்தது அதற்கும் முன்னால். நாள் முழுக்க மற்றவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்கும், ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது, பார்த்த வேலையில் திருப்தியும் இருக்காது; வேறென்ன பெயர் வைப்பது? வெயில் வந்த பிறகும் அதன் குணம் மாறவில்லை. அவர் மிச்ச வெல்வெட்டில் பஞ்சு அடைத்து அதற்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். அது மோந்து பார்த்துவிட்டு, வெல்வெட் வந்த அட்டைப்பெட்டியில் போய்ப் படுத்துக்கொண்டது. கிழிந்து ரிப்பேருக்கு வந்த சோபாவை நகத்தால் தொடாது. தைத்து முடித்த சோபா என்றால் மட்டும் கை பரபரக்கும். துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டால் சரியாகக் கோட்டின் மேல் வந்து உட்காரும். சாக்கட்டியை மேசை விளிம்பு வரை தள்ளி, அவர் கண்ணையே பார்த்தபடி கீழே போடும். "தூக்கி வெளிய எறியப் போறேன் பாரு" என்பார் அவர். குனிந்து சாக்கட்டியை எடுத்து வைப்பார். அது மறுபடி தள்ளும்.

தெருவுக்கும் பழகிவிட்டது. அடைமழை நாட்களில் சலவைக்காரம்மா வந்து, "மேனேஜரைக் கொஞ்சம் அனுப்புங்க, துணி காயவே மாட்டேங்குது" என்று கேட்பார். கூப்பிட்டால் வருகிற பூனை எங்கே இருக்கிறது? ஈரத்துணியைத்தான் பூனை இருக்கும் இடத்துக்குத் தூக்கி வர வேண்டியிருந்தது. இதையெல்லாம் பார்த்து யாராவது பூனையைக் கொஞ்சினால் சோபா தைப்பவர் உடனே திருத்துவார். "எனக்கு இதெல்லாம் பிடிக்காதுங்க. வெளிச்சத்துக்காக வச்சிருக்கேன்." மனைவி தையல் மெஷினிலிருந்து நிமிராமலே சிரிப்பார். மீன் வாங்கி வந்தால் முள் எடுத்து ஊட்டுவது யார் என்று அவருக்குத் தெரியாதா?

உண்மையில் பூனை அவர்களுடையதே இல்லை. மனைவியின் தங்கைக்குக் கப்பலில் சமையல் வேலை. ஒருநாள் கூடையோடு வந்து, "ரெண்டே வாரம், அத்தான்" என்று விட்டுவிட்டுப் போனவள், ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறிக்கொண்டே ஏழு வருஷத்தைக் கடலில் கழித்துவிட்டாள். பூனை ஏதாவது உடைக்கும்போதெல்லாம், "உன் தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று அவர் வாய் ஓயாமல் சொல்லிவந்தார். அவள் போன் செய்தது ஒரு வியாழக்கிழமை. கப்பல் போதும் என்று இறங்கிவிட்டாளாம், ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சேர்ந்திருக்கிறாளாம், பக்கத்து ஊரில் ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். "சனிக்கிழமை வர்றேன்க்கா. என் பூனையைக் கூட்டிட்டுப் போயிடறேன். தனியா இருக்க ஒரு மாதிரியா இருக்கு."

"நல்லதாப் போச்சு, தொல்லை விட்டுது" என்றார் சோபா தைப்பவர். இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு வருஷம் பேசின வீராப்பை எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பப் பெறுவது?

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சோபாவைக் கவிழ்த்து, அடித்துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பதற்கு முன், சட்டத்தைச் சுத்தியலால் நன்றாகத் தட்டுவார். உள்ளே ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் தூங்கும் மேனேஜர் கொட்டாவி விட்டபடி வெளியே வரும், பின்னாலேயே வெயிலும். வேறெந்தப் பட்டறையிலும் இப்படித் தட்ட மாட்டார்கள். சனிக்கிழமை காலை பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறைக்கான சோபாவை முடிக்கும்போது மனது எங்கேயோ இருந்ததால் அவர் தட்டாமல் ஆணி அடித்துவிட்டார். வண்டிக்காரர் வந்து சோபாவை ஏற்றிக்கொண்டு போனார். "என்னங்க இது, இந்தக் கனம் கனக்குது?" என்றார். "நல்ல மரம்" என்றார் இவர்.

தங்கை அதே பழைய கூடையோடு வந்து நின்றபோது வீடு இருட்டாக இருந்தது. பெட்டி, பரண், அலமாரிக்குப் பின்னால் என்று மூன்று பேரும் தேடிப் பார்த்தார்கள். தங்கையின் முகம் வாடிப்போனது. மனைவி கணவரைத் தனியாக அழைத்தார்.

"எங்கங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா நான் ஒளிக்கல."

"பிரிய மனசில்லைன்னா வாயைத் திறந்து கேக்கணும். இப்படியா செய்வாங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். அந்தத் திருட்டு முழியைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நல்லவேளையாகப் பல் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. சோபாவின் தையல் இடுக்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறது, அதுகூடப் பரவாயில்லை, உட்கார்ந்த நோயாளிகளெல்லாம் சொக்கிப்போய்க் கிடக்கிறார்கள், கூப்பிட்டால் பல் பிடுங்க உள்ளே வர மாட்டேன் என்கிறார்கள், வந்து என்னவென்று பாருங்கள் என்றார்.

மூவரும் ஓடினார்கள். நோயாளிகளைக் கெஞ்சி எழுப்பி, சோபாவைக் கவிழ்த்து, அவர் ஆணிகளைப் பிடுங்கினார். மேனேஜர் சாவகாசமாக வெளியே வந்து முதுகை வளைத்து நிமிர்ந்தது. அறையெல்லாம் மஞ்சளாயிற்று. தங்கை தரையில் உட்கார்ந்து, "குட்டிம்மா" என்று ஏதோ பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டால் வராத பூனை நேராகப் போய் அவள் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. அவள் அழுதாள்.

சோபா தைப்பவர் சுத்தியலைக் கருவிப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார். கன்னம் வீங்கிய நோயாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை?

"கூட்டிட்டுப் போகாதம்மா" என்றார். "நான் சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு அது வேணும்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வாரம்னு சொல்லி ஏழு வருஷம் விட்டுட்டுப் போனவ, அத்தான், நான். எனக்குப் பேச வாயில்ல. ஆனா எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

மனைவி கூடையைத் திறந்து தரையில் வைத்து, "அதுக்கு எது இஷ்டமோ அதைச் செய்யட்டும்" என்றார். மேனேஜர் கூடையைப் பார்த்தது, எல்லோரையும் பார்த்தது. பிறகு மடியிலிருந்து இறங்கி, சோபா தைப்பவரின் கருவிப் பைக்குள் புகுந்து சுத்தியலின் மேல் படுத்துக்கொண்டது. பை இருட்டாகவே இருந்தது. வெயில் மட்டும் தங்கையின் மடியைவிட்டு நகரவில்லை. பூனை போய் வெயில் நின்றது அன்றுதான் முதல் தடவை. பல் டாக்டரம்மாதான், "அப்புறமென்ன, ஆளுக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

தங்கை மடி கலையாமல் மெல்ல எழுந்து வெயிலைக் கூடையில் இறக்கி மூடினாள். ஊருக்குத் திரும்பும் பேருந்தில், பிரம்பு இடுக்கில் வெளிச்சம் அடிப்பதைப் பார்த்துக் கண்டக்டர் என்னவென்று கேட்டாராம். வெயில் என்றாளாம். அதற்கு டிக்கெட் கிடையாது என்று அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாராம்.

பட்டறையில் அதற்குப் பிறகு பகலிலேயே டியூப்லைட் போட வேண்டியிருந்தது. சலவைக்காரம்மாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம். சோபா தைப்பவர் மேனேஜர் உட்கார்ந்த இடத்தைவிட்டுச் சுற்றிலும் துணியை வெட்டினார். பல முறை கோணலாகிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அத்தான், இந்த வெயிலை என்ன பண்றதுன்னே தெரியல. வந்ததுலேருந்து கட்டிலுக்கு அடியிலயே கிடக்கு. எவ்வளவு கூப்பிட்டாலும் வெளிய வர மாட்டேங்குது."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"புது இடமில்லையா, அப்படித்தான் இருக்கும். விரட்டாத, கையை விட்டு இழுக்காத. ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து வச்சிட்டு, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரும்மா. அதுவா வந்து பக்கத்துல உக்காரும்."