சிவப்புப் புள்ளியில் ஒரு புடு மான்

பெர்லினில் ஓர் அருங்காட்சியகத்தின் எலும்பு அறை. ஜன்னலோரம் பேராசிரியர் ஹெல்கா, எதிரே அவருடைய ஆய்வு மாணவி அம்பிகா, கதவருகே ஸ்டூலில் அவளோடு படிக்கும் ராகவேந்திரன். நடுவில் பஞ்சின்மேல் ஒரு புடு மானின் மண்டையோடு. தென்னமெரிக்க மலைக்காட்டு மானான புடு, நம் ஊர் ஆட்டுக்குட்டி உயரம்தான் இருக்கும்.

இந்த மண்டையோட்டின் சிறிய அளவை வைத்துத்தான் ஹெல்கா இளவயதில் ஒரு புது இனத்துக்குப் பெயர் சூட்டியிருந்தார். புடு வாழும் இடங்களைக் காட்ட அம்பிகா தன் ஆய்வுக்காகத் தயாரிக்கும் வரைபடத்தில் அது தனியாக நிற்கும் சிவப்புப் புள்ளி. தாடையில் காய்ந்து ஒட்டியிருந்த ஈறை அம்பிகா நேற்று சுரண்டி எடுத்தபோது, அடியில் மூன்று மடிப்புள்ள பால் பல் தெரிந்தது. புது இனமில்லை, எல்லோருக்கும் தெரிந்த வடக்குப் புடுவின் குட்டி.

"இவங்க கோபப்பட்டா என் ஸ்காலர்ஷிப் நீட்டிப்பு அவ்வளவுதான்," என்று அம்பிகா ராகவேந்திரனிடம் தமிழில் முணுமுணுத்தாள்.

"சொல்லலைன்னா தப்பான மேப்போட டாக்டர் ஆவே. பேசு தாயே," என்றான் ராகவேந்திரன்.

சொன்னாள். ஹெல்கா லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பால்குடி மறக்காததுக்கா இத்தனை பெரிய பெயர் வைத்தேன்?" என்றவர், பச்சைப் பென்சிலை எடுத்து வடக்குப் புடுவின் எல்லையைச் சிவப்புப் புள்ளிவரை தன் கையாலேயே இழுத்துவிட்டார். அம்பிகாவுக்குக் கைகூப்பத் தோன்றியது.

மண்டையோட்டை அனுப்பிய எக்குவடோர் அருங்காட்சியகத்துக்கு ஹெல்கா அப்போதே கடிதம் எழுதினார்: "நான் சூட்டிய இனப் பெயரை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். உங்களிடம் உள்ள மீதிப் புடு எலும்புப் பெட்டிகளையும் அனுப்புங்கள். அம்பிகா இன்னும் இரண்டு வருடம் இங்கேதான் இருப்பார்."

உறையை ஒட்டி அவளிடமே கொடுத்தார். தெருமுனையில் இருந்த மஞ்சள் தபால்பெட்டியில் அம்பிகா அதைப் போட்டாள்.