மங்கம்மாள் பேரில் எழுதிய சீட்டு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை செல்லியின் மகன் வேடியப்பனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. இரண்டு வயது. நான் பால்வாடி ஆயா. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் மருந்து கொடுக்கக் கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு. செல்லி சாமை அறுப்புக்குப் போகிறவள்; மத்தியான வேளை மருந்தை நான்தான் கொடுக்க வேண்டும்.

"புள்ளையப் பார்க்காம டாக்டரு எழுதமாட்டாரு, செல்லிக்கா" என்றேன்.

"இந்த மழையில இவனத் தூக்கிக்கினு மலை எறங்கிப் போளூரு ஆஸ்பத்திரிக்குப் போனா வழியிலயே போய்டுவான். சாயங்கால வகுப்புல நாலு எழுத்து படிக்கிறியே சாந்தம்மா, ஒரு வழி சொல்லேன்."

சொன்னேன். மூத்த மகள் மங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு போய், வயிற்றுப்போக்கு அவளுக்குத்தான் என்று காட்டி மருந்து வாங்கி வரச் சொன்னேன். ஐந்து வயது, மலை இறங்கி நடப்பாள். மருந்து ஒன்றுதானே என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்காமலே சொன்னேனா, இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

புதன்கிழமை மாலை மருந்து பாட்டிலோடு திரும்பி வந்தார்கள். செல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வவுத்த வலிக்குதுன்னு அழுடின்னா, இவ டாக்டரைப் பார்த்து இளிக்கிறா. எப்படியோ நிறுத்துப் பார்த்து எழுதிக் குடுத்துட்டாரு."

சீட்டில் மங்கம்மாள் பெயர், வயது, எடை, 'ஒரு ஸ்பூன் மூன்று வேளை' என்று இருந்தது. எடையையும் வாசித்தேன். அதை எதற்கு எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அன்று இரவும் மறுநாள் காலையும் செல்லி கொடுத்தாள். வியாழன் மத்தியானம் நான் கொடுத்தேன். சொட்டுக் கூடாமல், சொட்டுக் குறையாமல் ஒரு ஸ்பூன்.

போக்கு நின்றது. பிள்ளை தூங்கினான். மூன்று மணிக்கு எழுப்பினேன், எழவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. ஆள் அனுப்பிச் செல்லியை வரவழைத்தேன். மழையிலேயே மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

டாக்டர் பிள்ளையின் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். எடுத்துவிட்டார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

"இது யாருக்கு எழுதினது?"



"இவன் அக்காவுக்குங்க. அவள அனுப்பச் சொன்னது நான்தாங்க" என்றேன்.

"இவனுக்கு இது ரொம்ப அதிகம்மா" என்றார்.

திரும்பி ஏறும்போது பிள்ளையின் உடலைச் செல்லியே தூக்கி வந்தாள். என்னிடம் தரவில்லை. பாதி மலையில் நின்றாள். என்னை ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அவ பேருல வாங்கின மருந்துன்னு மங்கம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள்.