மேடம் ஜெயித்த வழக்கு

கோர்ட்டில் இருந்தவர்கள்: நீதிபதி, தலைமையாசிரியர், கல்வி மேடம், அம்மா, தங்கச்சி, இரவு வேலையின் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்த நான்.

தங்கச்சி செய்தது இதுதான். வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள். அவளுக்கு எழுத்து பிடிபடாது. வகுப்பே சிரித்தது. நாற்காலியைத் தூக்கி ஜன்னல்மேல் எறிந்தாள். கண்ணாடி பட்டு ஒரு பெண்ணுக்கு நெற்றியில் தையல். அன்றிலிருந்து சிறார் இல்லத்தில் இருக்கிறாள். இன்று வீட்டுக்கு விடுவார்களா என்பதுதான் கேள்வி.

கல்வி மேடம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகக் கோர்ட் ஏறுகிறவர். சம்பளம் கிடையாது, தொண்டை உண்டு.

"ஐயா, இது திமிர் இல்லை, வாசிப்புக் குறைபாடு. ஒண்ணாங்கிளாஸ்லயே கண்டுபிடிச்சிருக்கணும். சிறப்பாசிரியர் தினமும் தனியா சொல்லிக்கொடுத்தா தேறிடுவா. ஒருநாள்கூட விடக்கூடாது."

நீதிபதி தலைமையாசிரியரைப் பார்த்தார். "உங்க ஸ்கூல்ல சிறப்பாசிரியர்?"

"போஸ்ட் இருக்குங்க ஐயா. ஆள்தான் இல்லை."

"எவ்வளவு நாளா?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிலேருந்தே."

"கேட்டீங்களா ஐயா!" என்றார் மேடம், மேசையைத் தட்டாத குறையாக.

"கேட்டேன். அப்ப வேற எங்கதான் இருக்காங்க?"

இங்கே மேடம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பெருமை விடவில்லை. "இந்த ஊர்லயே ஒரே இடம்தான் ஐயா. நம்ம சிறார் இல்லம். நாயா அலைஞ்சு நான்தான் போட வெச்சேன். அருமையான டீச்சர்."

நீதிபதியின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க வாதத்தை முழுசா ஏத்துக்கறேன். பொண்ணு அங்கேயே இருக்கட்டும். வாசிக்கத் தெரிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பலாம்."

"ஐயா, நான் அதுக்குச் சொல்லலை..."

"ஒருநாள்கூட விடக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

அம்மா என் காதைக் கடித்தாள். "ஜெயிச்சுட்டோமாடா?"

"ஜெயிச்சுட்டோம்."

தங்கச்சி என்னைக் கை காட்டினாள். "எங்கண்ணனும்தான் பாதியில ஸ்கூலை விட்டான். அவனை மட்டும் ஏன் வெளிய விட்டு வெச்சிருக்கீங்க?"

தலைமையாசிரியர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்.

இல்லம் அடுத்த கட்டடம்தான். வாசலில் மேடம் அவள் தோளைத் தொட்டார். "அப்பீல் போடறேன்மா."

"வேணாம் மேடம். இன்னொரு தடவை ஜெயிச்சுடாதீங்க."

உள்ளே சுவரில் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. தங்கச்சி நின்றாள். உதட்டை அசைத்து முதல் எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

"என்னடி வேடிக்கை? நட, நட" என்று காவலுக்கு நின்ற பெண் அவளை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.