அலுமாரியில் இல்லாத பெர்மிட்

அலுமாரியின் மேல்தட்டில், கூறைச் சேலைக்கு அடியில் வைத்த காணிப் பெர்மிட்டைக் காணவில்லை. ராஜினி சேலையை உதறிப் பார்த்தாள். குடியேற்றத் திட்டத்தில் அரசு அம்மாவுக்குக் கொடுத்து, பிறகு ராஜினியின் பெயருக்கு மாறிய இரண்டு ஏக்கர் வயலின் அனுமதிப் பத்திரம் அது. அதை வைத்த இடம் தெரிந்த மற்ற ஆள் கணவன் சுகிர்தன் மட்டும்தான்.

விற்கப் போகிறானா?

ஒரு வாரமாகவே அவளுக்குச் சந்தேகம். கைபேசி அடித்தால் அவன் மாமரத்தடிக்குப் போய்விடுவான். இன்று மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேர்ட்டுடன், "உரக்கடைக்குப் போட்டு வாறன்" என்று கிளம்பினான். விதைப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

முரசுமோட்டையில் பஸ் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கினாள். உரக்கடை வாசலில் அவனுடைய மோட்டார் சைக்கிள் இல்லை. எதிரே, வங்கி வாசலில் நின்றது.

உள்ளே கடன் அதிகாரி ஜனார்த்தனனின் மேசையில் பெர்மிட் விரிந்து கிடந்தது.

"ஆருக்கு விக்கிறியள்?"

சுகிர்தன் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். "நீர் இஞ்ச எப்பிடி?"

"உரம் வாங்க வந்தனான்."

அதிகாரி சிரிப்பை அடக்கினார். "விக்கேல்லை அக்கா. உங்கட அண்ணையைப் பிணையிலையிருந்து எடுத்துப்போட்டு இதை ஈடு வைக்கச் சொல்லுறார். பெர்மிட் காணியை வங்கி எடுக்காதெண்டு மூண்டாந்தரம் சொல்லிப்போட்டன். அதுவும் இது உங்கட பேரிலை."

உழவு இயந்திரத்துக்கு எடுத்த கடன். ஆசிரியரான அண்ணன் கனகலிங்கம் பிணை நின்றார். உரம் கிடைக்காத போகத்தில் பாதிதான் விளைந்தது. அடுத்த போகம் நன்றாக விளைந்தபோது நெல் விலை விழுந்தது. வட்டி மட்டும் ஏறியது. ஒன்பது மாதமாகச் சுகிர்தன் தவணை கட்டவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இனி அண்ணனின் சம்பளத்தில்தான் வெட்டுவார்கள். அவருக்குக் கடிதம் இந்தக் கிழமை போகும்.

"கட்டிறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"உம்மட அண்ணருக்கு முன்னாலை நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

"இந்த மேசையிலை பத்துக் கோப்பெண்டால் நாலு இப்பிடித்தான்," என்றார் அதிகாரி. "எல்லாரும் முந்தி நாள் தவறாமல் கட்டின ஆக்கள். தவணையை நீட்டித் தரலாம். ஆனால் பிணை நிண்டவரும் வந்து கையெழுத்து வைக்கோணும்."

ராஜினி சுகிர்தனின் சேர்ட் பையிலிருந்து கைபேசியை எடுத்து அழைத்தாள்.

"அண்ணை, ஒரு கடன் விசயம். இவர் கதைப்பார்."

கைபேசியை அவன் கையில் திணித்தாள்.

"அத்தான்..." அவன் ஒன்றையும் விடாமல் சொன்னான். "ஓம் அத்தான்... நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு வாங்கோ."

இதற்குள் பெர்மிட் அவளுடைய கைப்பைக்குள் போயிருந்தது. அவன் கண்டுவிட்டான்.

"இன்னும் நம்பேல்லையோ?"

"நம்பிறன். இது என்னட்டை இருக்கட்டும்."

மோட்டார் சைக்கிளில் அவளுடைய ஒரு கை அவன் தோளில் இருந்தது. மற்றக் கை வீடு வரும்வரை பையை விடவில்லை.