பாலத்தின் எந்தப் பக்கம்

ஆம்புலன்ஸில் யாரும் இறப்பதில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இந்த விதியை ஓட்டுநர்கள், உதவியாளர்கள், மருத்துவமனை வாசலில் நோயாளியை இறக்குபவர்கள் என அனைவரும் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். பெரிய மருத்துவமனை ஆற்றுக்கு அப்பால், அடுத்த நாட்டில் இருந்தது. பாலத்தின் நடுவிலிருந்த சோதனைச்சாவடி நோயாளியை உடனே விடும். பிணத்துக்கோ ஏழு முத்திரை கேட்கும். ஆகவே மூச்சு நின்றவர்களும் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு எல்லையைக் கடந்து, அக்கரை மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த பிறகே இறந்தார்கள்.

நீதிமன்றத் தாழ்வார பெஞ்சில் காத்திருந்த உதவியாளனுக்கு அந்த விதி முதன்முறையாக உறுத்தியது. இக்கரை ஆலையொன்றில் கொதிகலன் வெடித்து ஒரு வெல்டரின் உடல் முழுதும் வெந்துபோனது. அவரை ஏற்றிச் சென்றது இவன் வண்டிதான். அவர் மனைவி தொடுத்த வழக்கில் ஆலை தன் தவற்றை மறுக்கவே இல்லை. எந்த நாட்டுச் சட்டம் என்று மட்டும் கேட்டது. இரு நாடுகளின் உடன்படிக்கைப்படி, உயிர் பிரிந்த மண்ணின் சட்டமே செல்லும். இக்கரைச் சட்டத்தில் ஆலை பதில் சொல்லியாக வேண்டும். அக்கரைச் சட்டத்திலோ, ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆளுக்கு ஆலை பொறுப்பே இல்லை. வழக்கு வாசலோடு திரும்பிவிடும். இறப்புச் சான்றிதழில் இருந்தது அக்கரை முத்திரை.

"உள்ள போய் பெரிய அரிச்சந்திரன் மாதிரி பேசிடாதடா," என்றார் ஓட்டுநர். எண்பதுக்குக் குறைத்து ஓட்டத் தெரியாததால் அவருக்கு ஆமை என்று பெயர். "ஒருத்தரு வண்டியில செத்தாருன்னு சொன்னா, இதுவரைக்கும் எத்தன பேருன்னு கேப்பாங்க. அப்புறம் நாம ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"அந்தம்மா கேஸ் போயிடுமேண்ணே."

"அந்தம்மாவே நேத்து என்ன சொல்லுச்சு? நீயும்தான கேட்ட?"

கேட்டிருந்தான். வக்கீல் பத்து முறை விளக்கிச் சொல்லியும், கூண்டில் ஏறிய அந்தப் பெண் தன் வழக்கைத் தானே கவிழ்த்தாள். "பாலத்தத் தாண்டுறப்பகூட அவருக்கு உயிர் இருந்துச்சுங்கய்யா. நான் பேசிட்டே வந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போனாரு."

அவள் அன்று ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்து, பின்னால் திறக்கும் சின்னக் கண்ணாடிச் சன்னலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வந்தாள். பாலத்துக்கு முன்னால், பெட்ரோல் பங்க் அருகே, வெல்டரின் கழுத்தில் அவன் விரல் வைத்தான். இடம் மாற்றி மறுபடி வைத்தான். பிறகு, வழக்கம்போல, மாஸ்க்கை மாட்டி ஆக்ஸிஜனைத் திறந்தான். அந்தச் சீற்றத்தை அவள் மூச்சென்று எடுத்துக்கொண்டாள். "மூணு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல, அத மனசுல வச்சுக்காத," என்று தொடங்கியவள், நடுவே அவனைப் பார்த்தாள். "தம்பி, அவருக்குக் கேக்குதா?"

"கேக்குதும்மா. பேசுங்க."

அந்த ஒரு பொய்யை அவன் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. அதன் மேல்தான் அவள் இத்தனை மாதங்களாக உட்கார்ந்திருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஓட்டுநர் வாசல் வரை வந்து, நிலைக்கதவில் சாய்ந்து நின்றார். கூண்டின் மரக்கட்டை, பிடித்துப் பிடித்து வழுவழுத்திருந்தது.

"உயிர் எப்போ போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் நீதிபதி.

இரண்டாவது வரிசையிலிருந்து அவள் அவனைப் பார்த்து, சொல்லு தம்பி என்பதுபோல் தலையசைத்தாள்.

"பாலத்துக்கு முன்னாடிங்கய்யா," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "பெட்ரோல் பங்க் பக்கத்துல. வண்டியிலதான் செத்தாரு. மாஸ்க்க அதுக்கப்புறம்தான் போட்டேன்."

தட்டச்சு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. அவள் வக்கீல் அவசரமாக எழுந்தார். வாசலில் ஓட்டுநர் இல்லை. அவள் மட்டும் அசையவில்லை. அன்று சன்னலைப் பற்றியிருந்த விரல்கள் முன்பெஞ்சின் விளிம்பைப் பற்றியிருந்தன. அவை ஒவ்வொன்றாக, மெல்ல, விடுபட்டன.